எழுத இடம் கேட்டு வந்த பேராண்டிக்கு

வாய்யா பேராண்டி. மெட்ராஸ்ல நாவல் வரமாட்டேங்குதுன்னு கோவில்பட்டிக்கு ரயிலேறி வந்திருக்க. நல்ல காரியம். இந்த வெயிலுக்குக் கருவேலமரமே நெழல் தேடி ஒதுங்குது, நாவல் எந்த வழியா வரும்னு நான் கேக்க மாட்டேன். கேட்டா, தாத்தா நக்கல் பண்றாருன்னு உங்கம்மாவுக்குப் போனப் போட்டுருவ.

அமைதியான இடம் வேணும்ன. தொழுவத்த ஒட்டுன அறையக் காட்டுனேன், சாணி வாடைன்னுட்ட. மாடியில தகரம் காந்துது. வேப்பமரத்தடியில காக்கா. கம்மாக்கரை நல்லாத்தான் இருக்கு, நெட்வொர்க் இல்லைன்ன. அது எதுக்குய்யா கதைக்குன்னு கேட்டேன். ரெபரன்ஸ் பாக்கணுமாம். ராத்திரி போர்வைக்குள்ள வெளிச்சம் தெரிஞ்சுது. ரெபரன்ஸ் சிரிப்புச் சத்தத்தோட ஓடிக்கிட்டிருந்துச்சு.

நானும் அந்தக் காலத்துல கிளை நூலகத்துக்குப் போனவன்தான். படிக்கப் போனேன்னு நெனைக்காத. ஊர்லயே அங்கதான் ஃபேன் ஓடும். சும்மா உக்காந்தா லைப்ரரியன் முறைப்பாரு, அதுக்காகக் கையில ஒரு புத்தகம். அப்ப ஒட்டுனதத்தான் சொல்றேன், கேட்டுக்கோ.

இந்தா, பக்கத்துலதான் இடைசெவல். ஒரே ஊர்லயிருந்து ரெண்டு பேரு சாகித்ய அகாதமி வாங்கியிருக்காக. கு.அழகிரிசாமிக்கு 1970, கி.ராஜநாராயணனுக்கு 1991. ஊர்த் தண்ணியில ஏதோ இருக்குன்னு கேனத் தூக்கிக்கிட்டுப் போயிராத. அதே தண்ணியக் குடிச்ச மத்தவுகள்லாம் பருத்திதான் வெதச்சாக. மேலாண்மறைநாட்டுல பொன்னுச்சாமின்னு ஒருத்தர். அஞ்சாங்கிளாஸ் படிப்பு, பெட்டிக்கடைப் பொழப்பு. கதை எழுதி 2007-ல அந்த விருத வாங்கிட்டாரு. கடைக்கு வர்றவன், ‘எழுதிக்கிட்டு இருக்கீக, பொறவு வாரேன்’னா சொல்லுவான்? பீடிக்கட்ட எடுய்யான்னு நிப்பான். நீ என்னடான்னா, பால்காரன் மணியடிச்சா மூடு போச்சுங்குற.

ஒன் மெட்ராஸ்லயே அசோகமித்திரன் தி.நகர் பூங்காவுல உக்காந்து எழுதியிருக்காரு. அதே பூங்காவுல நீ வாக்கிங் போயி, எத்தன அடி நடந்தோம்னு கைவாட்சுல பாத்துட்டுத் திரும்பியிருப்ப.

உந்துதல் வரலைங்குறியே, அதுதான் எனக்குச் சிரிப்பு. கல்கி ‘பொன்னியின் செல்வன’ 1950-லயிருந்து 1954 வரைக்கும் வாராவாரம் எழுதுனாரு. வந்தியத்தேவனுக்கு இந்த வாரம் மனசு சரியில்ல, குதிரையேற மாட்டான்னு போட்டுட்டுப் படுக்க முடியுமா? அச்சாபீஸ்காரன் வாசல்ல நின்னா, உந்துதல் கொல்லப்புறமா ஏறிக் குதிச்சு வந்துரும்.

சரி, அது கெடக்கட்டும். நம்ம தெருவுல ஒரு அண்ணன் தம்பி. கிணத்துல ரெண்டு பேருக்கும் பங்கு, நாள் விட்டு நாள் முறைத்தண்ணி. வரப்புத் தகராறுல பேச்சு நின்னு போச்சு. அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குத் தம்பி போகல. தம்பி வீட்டுச் சாவுக்கு அண்ணன் தெருமுக்கு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டான். போன கோடையில அண்ணன் ஆஸ்பத்திரியில கெடக்கான், இங்க மொளகாச்செடி வாடுது. நான் ராத்திரி ஒண்ணுக்குப் போக எந்திரிச்சவன், மோட்டார்ச் சத்தம் கேட்டு எட்டிப் பாத்தேன். தம்பிக்காரன், தன் முறைத்தண்ணிய அண்ணன் காட்டுக்குத் திருப்பிவிட்டுக்கிட்டு நிக்கான். தலையில துண்டப் போட்டு மூஞ்சிய மறைச்சிருக்கான். விடிஞ்சதும் ஈரத்தப் பாத்துட்டு அண்ணன் பொண்டாட்டி, எந்தக் களவாணிப்பய என் மடையில கை வச்சான்னு நடுத்தெருவுல நின்னு ஏசுறா. தம்பி திண்ணையில உக்காந்து பல்லு வெளக்கிக்கிட்டே முழுசையும் கேட்டான். வாயத் தொறக்கல.

என்ன, போனக் கீழ வச்சிட்ட?

ஏன் அப்படிச் செஞ்சான்னு என்னக் கேக்காத, எனக்கும் தெரியாது. நீயே எழுதிப் பாரு. ஆனா பேரெல்லாம் மாத்திரு, தாத்தா சொன்னாருன்னு எங்கயும் மூச்சு விட்டுராத. தம்பிக்காரன்ட்ட ரெண்டாயிரம் ரூவா கைமாத்து வாங்கியிருக்கேன். அவன் இன்னும் கேக்கல.