தேங்காய்க் கணக்கு

1789 ஏப்ரலில் 1,015 சீமைப்பலாக் கன்றுகளோடு தாகித்தித் தீவிலிருந்து கிளம்பியது 'பவுண்டி' கப்பல். மேற்கிந்தியத் தீவுகளில் தோட்ட அடிமைகளுக்குச் சல்லிசாகச் சோறு போட முதலாளிமார் கண்டுபிடித்த வழி அந்தக் கன்றுகள். கப்பல் தலைவர் வில்லியம் பிளை. சரக்குக் கணக்கும் அவர் கையில்தான். மிஞ்சினால் அவர் பைக்கு, குறைந்தால் அவர் பையிலிருந்து. விளங்குமா?

தாகித்திக்குப் போகிற வழியிலேயே இரண்டு பாலாடைக்கட்டியைக் காணோமென்று ஒரு ரகளை. அது ஐயா வீட்டுக்கல்லவா போனது என்று பீப்பாய் செய்கிறவர் வாயைவிட்டார். உண்மையைச் சொன்னதற்குப் பரிசு, எல்லோருக்கும் கட்டி நிறுத்தம்.

திரும்புகிற வழியில், ஏப்ரல் 27 அன்று தேங்காய்க் குவியல் இளைத்திருந்தது. அதிகாரிகளை வரிசையில் நிறுத்தி, நீ எத்தனை வாங்கினாய், எத்தனை தின்றாய் என்று விசாரணை. தானே பதவி உயர்த்திய பிளெட்சர் கிறிஸ்டியனையும் திருடன் என்றார். கிழங்குப் பங்கைப் பாதியாக்கப்போவதாகவும் மிரட்டினார். சாயங்காலம் ஒன்றுமே நடக்காததுபோல அதே கிறிஸ்டியனைச் சாப்பிடக் கூப்பிட்டு ஆள் அனுப்பினார். உடம்பு சரியில்லை என்று பதில் வந்தது. மேலாளர் கத்திய மறுநாள் ஆபீசுக்கு வரும் அதே காய்ச்சல்தான்.

மறுநாள் விடியுமுன் ஊழியர்கள் யாரும் சொல்லாமலே, தாங்களாகவே ஒரு வேலையை எடுத்துச் செய்தார்கள். தூக்கச் சட்டையோடு தலைவரை எழுப்பிக் கையைக் கட்டி, 18 பேரோடு 23 அடிப் படகில் இறக்கிவிட்டார்கள். கன்றுகள் கடலுக்குப் போயின.

சினிமாக்காரர்கள் காட்டுவதுபோல பிளை சவுக்குப் பைத்தியம் இல்லை. அந்தக் காலக் கப்பல்களில் அவருடைய அடி குறைவுதான். நாக்குதான் எட்டு முழம்.

படகில் ஏறியதும் ஆளே வேறு. இரண்டு தேங்காய்ச் சிரட்டையைத் தராசாக்கி, துப்பாக்கிக் குண்டை எடைக்கல்லாக்கி, ரொட்டியை நிறுத்துக் கொடுத்தார். தனக்கும் அதே குண்டளவுதான். முணுமுணுப்பு இருந்தது, ஆனால் யாரும் அவரைக் கடலில் தள்ளவில்லை. 47 நாளில் 3,600 கடல் மைல் கடந்து திமோர் சேர்ந்தார். வழியில் ஒரு தீவின் ஆட்கள் கொன்ற ஒருவரைத் தவிர மற்றவர்கள் உயிரோடு வந்தார்கள்.

கரையேறியதும் நாக்கும் கரையேறியது. இரண்டாம் பயணத்தில் சீமைப்பலாவைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அடிமைகள் அதை வாயில் வைக்க மறுத்தார்கள். பிறகு நியூ சவுத் வேல்ஸ் கவர்னரானார். 1808 ஜனவரி 26 அன்று அங்கேயும் சிப்பாய்களே அவரைக் கைதுசெய்தார்கள். கட்டிலடியிலிருந்து அவரை இழுப்பதுபோல் கேலிப்படமும் வந்தது. படத்தில் தேங்காய் மட்டும் இல்லை.