கைரேகையை மாற்ற முடியுமா?

கே: அமெரிக்காவில் இணையப் பாதுகாப்புத் துறையிலேயே ஆட்குறைப்பாமே? திருட்டு பெருகும் காலத்தில் யாராவது காவல்காரனை வீட்டுக்கு அனுப்புவார்களா?
(ஓய்வுபெற்ற தலைமைக் காவலர், திண்டுக்கல்)

ப: அனுப்பிவிட்டார்கள். 'சிசா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த முகமை 2018-இல் உருவானது. அரசுக் கணினிகளைக் காப்பதோடு, குடிநீர், மின்சாரம், தேர்தல் போன்றவற்றை நடத்துகிறவர்களுக்கு ஆபத்தை முன்கூட்டியே சொல்வதும் அதன் வேலை. 2025 தொடக்கத்தில் அங்கே சுமார் 3,300 பேர் இருந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வெளியேறிவிட்டார்கள். சிலர் நீக்கப்பட்டார்கள். பலர், தாமாக விலகினால் சில மாதச் சம்பளம் என்ற ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டு போனார்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரே பீட்டில் இருபது வருடம் நடந்தவர் போனால், எந்தத் தெருவில் எந்த நாய் எதற்குக் குரைக்கும் என்ற அறிவும் அவரோடு போய்விடும்.

கே: நீக்கியவர்களையே திரும்பக் கூப்பிட்டார்கள் என்று படித்தேன். உண்மையா?
(கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

ப: உண்மைதான். அதுவும் அமெரிக்காவில் அணு ஆயுதங்களைக் கவனிக்கும் முகமையில். 2025 பிப்ரவரியில் அங்கே தகுதிகாண் பருவத்தில் இருந்த பலருக்கு நீக்க உத்தரவு போனது. ஓரிரு நாளில் தவறு உறைத்து, பெரும்பாலானோரின் உத்தரவை ரத்து செய்தார்கள். செய்தியைச் சொல்லத்தான் வழியில்லை, அலுவலக மின்னஞ்சலை முடக்கியாகிவிட்டது! சொந்த முகவரி யாருக்காவது தெரியுமா என்று மேலாளர்களிடம் விசாரிக்க வேண்டியதாயிற்று. யார் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தால் ஒரு பிற்பகலில் முடிந்திருக்கும்.

கே: நான் ஓர் அரசு அலுவலகத்தில் டேட்டா என்ட்ரி ஆபரேட்டர், ஒப்பந்த ஊழியை. அதிகாரியின் பாஸ்வேர்டும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் என்னிடம்தான் இருக்கின்றன. நாளை ஏதாவது தப்பு நடந்தால் யார் மாட்டுவார்கள்?
(பெயர், ஊர் வேண்டாம்)

ப: நீங்கள்தான் அம்மா. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அந்த டோக்கன் அதிகாரியின் கையெழுத்து. அதை உங்களிடம் விட்டுவைப்பது, வெற்றுத் தாள்களில் கையெழுத்துப் போட்டு மேசை மேல் வைப்பதற்குச் சமம். இது ஏன் நடக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். அதிகாரி கள ஆய்வுக்குப் போயிருப்பார். வெளியே சான்றிதழுக்கு நாற்பது பேர் நிற்பார்கள். ஓர் அலுவலகத்தில் நானும் அப்படி நின்றபோது, மானிட்டர் ஓரத்தில் பாஸ்வேர்டு எழுதிய சீட்டு ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். அங்கிருந்த பெண் மூன்று பேருடைய வேலையை ஒற்றை ஆளாகச் செய்துகொண்டிருந்தார். அவர்மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. அவரை அப்படி உட்காரவைத்தவர்கள்மேல் கோபம் வந்தது, இன்னும் தீரவில்லை.

டோக்கனை அதிகாரியிடமே ஒப்படையுங்கள். ஒப்படைத்ததைத் தேதியோடு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் பெயரில் தனிப் பயனர் கணக்கு வேண்டும் என்று மனு கொடுத்து, நகலை வீட்டில் வையுங்கள். இப்படிக் கேட்டால் அடுத்த மாதம் வேலை இருக்குமா என்ற உங்கள் பயம் நியாயமானது. அதனால் தனியாகக் கேட்காதீர்கள். உங்களைப் போன்ற நான்கு பேர் சேர்ந்து கையெழுத்திட்டுக் கேளுங்கள்.

கணக்கு வேறொருவர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். அமெரிக்க அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகத்தில் 2015-இல் வெளிவந்த திருட்டில், திருடர்கள் உள்ளே போகப் பயன்பட்டது ஓர் ஒப்பந்த நிறுவனத்துக்குக் கொடுத்திருந்த கணக்குதான்.

கே: அந்தத் திருட்டில் அப்படி என்ன போனது?
(மளிகைக் கடைக்காரர், காரைக்குடி)

ப: 2.15 கோடிப் பேரின் பின்னணி விசாரணை விவரம். ரகசியப் பொறுப்புக்கு வருகிறவர்கள் நிரப்பும் படிவத்தில் கடன், மனநல சிகிச்சை, வெளிநாட்டு நண்பர்கள், உறவினர்கள் எல்லாம் இருக்கும். கூடவே 56 லட்சம் பேரின் கைரேகை. பாஸ்வேர்டு திருடு போனால் அன்றைக்கே மாற்றிவிடலாம், பத்து விரலை எங்கே போய் மாற்றுவது? முறையான பாதுகாப்பு அனுமதி இல்லாத கணினி அமைப்புகளை மூடுவது பற்றி யோசியுங்கள் என்று உள் தணிக்கையாளர் 2014-லேயே எழுதியிருந்தார். மூடவில்லை. அலுவலகத்தின் தலைவர் 2015 ஜூலையில் பதவி விலகினார். கைரேகையைப் பறிகொடுத்தவர்கள் எதிலிருந்து விலகுவது?

கே: ஆளுக்குப் பதில் ஏ.ஐ. வைத்துவிட்டால்?
(ஆசிரியர், கடலூர்)

ப: ஆபத்து வந்தால் மணி அடிக்கும், நன்றாகவே அடிக்கும். மணி கேட்டு எழுந்து ஓட ஆள் வேண்டும்.

கே: கோபோல் என்ற பழைய கணினி மொழியை இன்று படித்தால் பயன் உண்டா?
(வேலை தேடும் இளைஞர், ஓசூர்)

ப: 1959-இல் பிறந்த மொழி, இன்னும் வேலை பார்க்கிறது. 2020 ஏப்ரலில், கொரோனாவால் வேலை இழந்தவர்கள் உதவித்தொகைக்கு வரிசை கட்டியபோது அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலக் கணினிகள் திணறின. கோபோல் தெரிந்த தன்னார்வலர்கள் உதவ வேண்டும் என்று ஆளுநர் ஃபில் மர்ஃபி கேட்டுக்கொண்டார். அந்த மொழி தெரிந்தவர்கள் ஓய்வுபெறப் போகிறார்கள் என்பது பல வருடம் முன்பே தெரிந்த செய்தி. அவர்கள் பக்கத்தில் இளையவர் ஒருவரை உட்காரவைத்திருக்கலாம். படியுங்கள் தம்பி, ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள்.

கே: இலங்கை அரச மின்னஞ்சல்கள் அழிந்துபோனதைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லையே?
(வாசகர், யாழ்ப்பாணம்)

ப: எழுதியிருக்க வேண்டும். 2023 ஆகஸ்ட் இறுதியில் பணம் பறிக்கும் நச்சுநிரல் அரச மேகக் கணினியைத் தாக்கியது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் போயின. சுமார் 5,000 கணக்குகள், அமைச்சரவை அலுவலகத்தினுடையதும் அதில் சேர்த்தி. அந்த நாட்களுக்குப் பேக்கப் இல்லை. மென்பொருளோ காலாவதியானது. மாற்ற வேண்டும் என்று 2021-இலேயே நினைத்தும் பணமில்லாமல் தள்ளிப்போயிருக்கிறது.

இது ஏழை நாட்டின் துயரம் என்று நினைத்துவிட வேண்டாம். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பிடித்தது. லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலையில் வந்த தீ. அரசு ஊழியர்களின் கோப்புகள் 858 டெராபைட் எரிந்தன. அவற்றுக்கும் பேக்கப் இல்லை.

கே: மகள் சைபர் செக்யூரிட்டி படிக்கிறாள். தனியார் கம்பெனியில் சம்பளம் அதிகம். அரசு வேலைக்கு அனுப்பலாமா?
(இல்லத்தரசி, ஈரோடு)

ப: அவளுக்கு விருப்பம் இருந்தால் தடுக்காதீர்கள். ரேஷன் கார்டும் பட்டாவும் ஆஸ்பத்திரிச் சீட்டும் இருக்கும் கணினிகளைக் காக்க நல்ல பிள்ளைகள் வேண்டும். நிரந்தரப் பணியா ஒப்பந்தமா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சேர்ந்த முதல் வாரத்திலேயே அவள் ஒரு கேள்வி கேட்கட்டும்: "பேக்கப்பிலிருந்து கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள், சார்?"