இரண்டரை விநாடிக் கார்: ஒரு புதுக்கோட்டை ஆய்வு

பழைய படத்தில் ஓடும் கார் இன்ன கார் என்று அறுதியிடுவது தனித் துறை. இதற்கென்று எந்தப் பல்கலைக்கழகமும் இன்னும் இருக்கை அமைக்கவில்லை. எங்கள் வீட்டில் ஒரு ஈசிசேர் இருக்கிறது. அதில் மாமா இருக்கிறார்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது 1956-இல் வெளியான ஒரு கறுப்பு வெள்ளைப் படம். வழக்கு நிலுவையில் இருப்பதால் படத்தின் பெயரை வெளியிடுவதற்கில்லை. போர்டிகோவிலிருந்து ஒரு கார் கிளம்பி, வாசலில் வளைந்து, வேப்பமரத்துக்குப் பின்னால் மறைகிறது. மொத்தம் இரண்டரை விநாடி. அது அம்பாசடர் என்பது மாமாவின் துணிபு. அவர் கலெக்டர் ஆபீசில் அம்பாசடர் ஓட்டி ஓய்வுபெற்றவர். தொண்டைமான் அரண்மனைதான் இப்போது கலெக்டர் ஆபீஸ் என்பதால், அரண்மனை வண்டி ஓட்டியவர் என்று அத்தை வெளியில் சொல்லிக்கொள்வது வழக்கம். ஆய்வாளரின் சார்புநிலையை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

மண்ணின் மைந்தர்களால் இத்துறைக்குக் கிடைத்த பயன் குறைவே. பி.யு. சின்னப்பா புதுக்கோட்டைக்காரர், ஊரில் வீடு வீடாக வாங்கிப் போட்டார் என்று இன்றும் பேசுகிறார்கள். ஆனால் அவர் நடித்ததெல்லாம் பெரும்பாலும் ராஜா கதை. 'ஜகதலப்பிரதாபன்' (1944) படத்தில் ஒரே நேரத்தில் பல சின்னப்பாக்கள் உட்கார்ந்து கச்சேரி செய்கிறார்கள். அத்தனை பேர் வந்து இறங்க ஒரு கார்கூட இல்லை. 1920-இல் இவ்வூரில் பிறந்த ஜெமினி கணேசன் காலத்தில் சமூகப் படங்கள் பெருகின, கார்களும் பெருகின. கூடவே ஒரு புதுத் தடையும் வந்தது: கதாநாயகன். அவர் பானட்டில் சாய்ந்து பாட ஆரம்பித்தால் கிரில் போச்சு. கதாநாயகி டிக்கியைப் பிடித்துக்கொண்டு விசும்பினால் பின் லைட் போச்சு. காதல் என்பது இரண்டு பேர் சேர்ந்து ஒரு காரை மறைப்பது என்றே இத்துறையில் வரையறுக்கிறோம். உள்ளூர்க்காரர் என்பதால் ஜெமினியை மட்டும் மாமா திட்டமாட்டார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே" என்பதோடு சரி.

முகம் மறைந்தால் மற்ற உறுப்புகளை நம்ப வேண்டும். ஆரம்பகால ஃபியட் 1100-இல் முன்கதவின் கீல் நடுத்தூணில் இருக்கும். கதவு எதிர்ப்பக்கமாகத் திறக்கும். எனவே இறங்குபவரின் கதவு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தாலே போதும், யார் இறங்குகிறார் என்று பார்க்கத் தேவையில்லை. ஐம்பதுகளின் தொடக்கத்து ப்யூக் என்றால் பானட்டின் பக்கவாட்டில் ஓட்டைகளை எண்ண வேண்டும். மூன்று என்றால் சாதா, நான்கு என்றால் ரோட்மாஸ்டர். நான்காவது இருக்க வேண்டிய இடத்தில் எஸ்டேட் முதலாளி கையை ஊன்றி நின்றால் ஆய்வு அங்கேயே ஒத்திவைக்கப்படும்.

ஸ்டியரிங் இடப்பக்கம் தெரிந்தால் உடனே அமெரிக்க வண்டி என்று குதிக்கலாகாது. பிலிமையே திருப்பிப் போட்டிருக்கலாம். இதற்குச் சான்று காரில் இல்லை, ஓட்டுபவரின் சட்டையில் இருக்கிறது. பை வலது மார்பில் இருந்தால் படம் திரும்பியிருக்கிறது என்க. பக்கத்தில் பெண் இருந்தால் முந்தானை எந்தத் தோளில் என்று பார்ப்பதும் செல்லும். ஒரு தடவை நான் டிவியை நிறுத்திவிட்டு முந்தானையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது அத்தை காப்பியோடு வந்துவிட்டார். ஆய்வு நெறிமுறையை விளக்க அவகாசம் கிடைக்கவில்லை.

இவையெல்லாவற்றையும் விடக் கொடியது கூடுவிட்டுக் கூடு பாய்தல். வெளியே ஒரு காரில் ஏறுவார். உள்ளே ஸ்டுடியோவில் வேறொரு காரில் உட்கார்ந்து, பின்திரையில் சாலை ஓட, நேர்ரோட்டில் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டுவார். மூன்றாவது காரிலிருந்து இறங்குவார்.

நிற்க. மாமாவின் அம்பாசடருக்கு வருவோம். அது மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையை வைத்து உத்தர்பாராவில் செய்யப்பட்டது. வெளிவந்ததே 1957-58 வாக்கில்தான். 1956 படத்தில் அது ஓடுவதென்றால் கருவிலேயே ஓடியிருக்க வேண்டும். ஆகவே அது இரண்டாம் வரிசையை வைத்துச் செய்த லேண்ட்மாஸ்டர்தான் என்பது என் கட்சி. இரண்டும் தூரத்தில் ஒரே பானை. வேற்றுமை பின்னால் இருக்கிறது: அம்பாசடரின் பின் மட்கார்டு மேலே லேசாக முனை கட்டியிருக்கும்; லேண்ட்மாஸ்டருக்கு அது வழிந்து இறங்கிவிடும். படத்தில் முனை இல்லை. "பிரிண்ட் தேஞ்சிருக்கு மாப்ள" என்று மாமா மறுத்தார்.

எனவே கள ஆய்வு. கடியாபட்டியில் பூட்டிக் கிடக்கும் ஒரு செட்டியார் வீட்டின் கொட்டகையில் லேண்ட்மாஸ்டர் ஒன்று நிற்பதாகத் தகவல் வந்தது. காவல்காரரிடம் சொல்லித் தார்ப்பாயை விலக்கினோம். நாலு சக்கரத்திலும் காற்றில்லை. பின்சீட்டில் ஒரு கோழி அடை படுத்திருந்தது. எங்களைப் பார்த்துச் சிறகை உப்பியதே தவிர எழுந்திருக்கவில்லை. நான் செல்போனில் எடுத்துவைத்திருந்த படக்காட்சியை நீட்டினேன். மாமா பார்க்கவில்லை. துண்டை எடுத்துப் பின் மட்கார்டைத் துடைத்தார். முப்பது வருஷம் காலையில் துடைத்த கை, மேலே போய் அந்த முனை இருக்க வேண்டிய இடத்தில் தானாக ஒரு வளைவு வளைந்தது. அங்கே ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை துடைத்தார். பிறகுதான் செல்போனை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, ரொம்ப நேரம் பார்த்தார்.

பஸ்சில் பேசவில்லை. திருமயம் கோட்டை தெரிந்ததும் என் முழங்காலைத் தட்டினார்.

"வண்டியில தப்பில்ல மாப்ள. படம் வந்த வருஷத்தைத்தான் எவனோ தப்பா எழுதி வச்சிருக்கான். அதைத் திருத்தணும்."