பேட்டி கேட்டால் தெளியுமா?

கேள்வி: மனநலம் பற்றிப் புத்தகம் எழுதியவர்களின் பேட்டிகளை விடாமல் பார்க்கிறேன். பார்க்கும்போது தெளிவாக இருக்கிறது. மறுநாள் பழைய குழப்பமே. கோளாறு அவர்களிடமா, என்னிடமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கெங்கவல்லி

பதில்: முடி கொட்டுகிறது என்று எழுதுபவர்கள் கதவு எண் வரை தருகிறார்கள். மனசு என்றதும் பெயரே காணாமல் போய்விடுகிறது!

பேட்டியில் எழுத்தாளர் பேசுவார், நீங்கள் கேட்பீர்கள். சிகிச்சையில் நீங்கள் பேச வேண்டும், எதிரில் இருப்பவர் கேட்பார். அந்த இடம் மாறாமல் எத்தனை பேட்டி பார்த்தாலும் இதே கதைதான். உளவியல் படித்த எழுத்தாளர் கோபிகிருஷ்ணனின் ‘உள்ளேயிருந்து சில குரல்கள்’ கிடைத்தால் படியுங்கள். மனநோயாளிகளைப் பேசவிட்டு, ஆசிரியர் அறிவுரை சொல்லாமல் ஒதுங்கி நிற்கும் புத்தகம். (நம் பேட்டியாளர்கள் சிலர் கேள்வியையே மூன்று நிமிடம் கேட்கிறார்கள்.) மனநல மருத்துவர் ருத்ரனும் தமிழில் நிறைய எழுதியிருக்கிறார்.

குழப்பம் இரண்டு வாரம் தாண்டியும் தூக்கத்தையும் சோற்றையும் பிடுங்கினால், புத்தகத்தை மூடிவிட்டு ஆத்தூர் பஸ் ஏறி டாக்டரைப் பாருங்கள். பஸ் ஏறக் கூச்சமா? 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவி இருக்கிறது. எண் 14416. காசு கிடையாது, நடுராத்திரியிலும் தமிழில் பேசலாம்.