டுரியான் பெரியப்பா

டுரியான் பெரியப்பா எனப்படுபவர் உறவுமுறையில் எல்லாருக்கும் பெரியப்பாவாக இருந்தாக வேண்டும் என்பதில்லை. அவர் சிலருக்கு மாமா, சிலருக்குத் தாத்தா, பழக்கடைத் தவுக்கேக்கு, அதாவது சீன முதலாளிக்கு, வெறும் அண்ணே. பேராக் மாநிலத்தில் தைப்பிங்கை ஒட்டியிருக்கும் கமுந்திங் என்னும் சிற்றூரில், டுரியான் பருவம் பிறந்ததும் ஒரு குடும்பத்தின் இரண்டு கார்களையும் ஒரு வேனையும் பழத்தோட்டத்தை நோக்கித் திருப்பும் அதிகாரம், தேர்தலோ தீர்மானமோ இல்லாமல் எவரிடம் போய்ச் சேர்கிறதோ, அவரே இங்கு ஆராயப்படும் மனிதர். அறுபத்தைந்து வயதைக் கடந்தவர். அரைக்கைச் சட்டையின் பையில் மூக்குக் கண்ணாடியும் இடுப்பில் ஒரு கொத்துச் சாவியும் உடையவர். மற்ற மாதங்களில் வீட்டில் அவர் பேச்சை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்பது இந்த இனத்தின் பொது இலக்கணம்.

ஆப்பிள் விளையும் குளிர்நாடுகளில் இலையுதிர்காலம் வந்ததும் குடும்பங்கள் தோட்டங்களுக்குச் சென்று, கைக்கெட்டிய கிளைகளில் பழம் பறித்து, கூடையோடு படம் எடுத்துக்கொண்டு திரும்புவது வழக்கம். நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ ஐந்து பாகை வடக்கே இருக்கும் கமுந்திங்கின் நாட்காட்டியில் அப்படியொரு காலம் இல்லை. அங்கே ஒழுங்காக இலையுதிர்த்த மரம் ரப்பர் மரம். ஆண்டின் முதல் மாதங்களில் அது இலையைக் கொட்டிவிட்டு நிற்கும்போது பால் குறையும், பால் குறைந்தால் கூலி குறையும் என்பதால், தோட்டத்துத் தமிழர் அகராதியில் இலையுதிர்காலத்துக்குக் கடன்காலம் என்றே பொருள். அவர்கள் ஆசையோடு எதிர்பார்த்தது பழமுதிர்காலத்தை. அதன் பெரும்பருவம் ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலும், சிறுபருவம் ஆண்டிறுதியை ஒட்டியும் வரும். தாய்லாந்தில் முற்றிய காயைக் கொம்பிலிருந்தே வெட்டி இறக்குவர். மலேசிய வழக்கமோ, பழம் தானே பழுத்து, தானே காம்பு கழன்று, பெரும்பாலும் இரவில், தொப்பென்று விழும்வரை காத்திருப்பது. காத்திருத்தலே அறுவடையாக இருக்கும் தொழிலில், வேறு வேலையில்லாத பெரியவர் ஒருவர் தலைமைப் பொறுப்புக்கு வருவது இயற்கையே.

மலாய் மொழியில் டுரி என்றால் முள். முள்ளுடைய பழம் டுரியான். தமிழில் இதற்கு முள்நாறி என்று ஒரு பெயர் உண்டு. அதை வைத்தவர் பழத்தைத் தின்னாமலே வைத்துவிட்டார் என்பது பெரியப்பாவின் தீர்ப்பு. தாவர நூலார் முன்பு டுரியானை இலவமரத்தோடு ஒரே குடும்பத்தில் வைத்திருந்தனர். இப்போது இரண்டையும் சேர்த்தே செம்பருத்திக் குடும்பத்துக்குள் கொண்டுபோய்விட்டனர். எனவே, இலவு காத்த கிளிக்கும் டுரியான் காத்த பெரியப்பாவுக்கும் உள்ள உறவு வெறும் உவமை உறவன்று, தாவரவியல் உறவும் ஆகும். டுரியான் பூ இரவில் விரிந்து, தேன் குடிக்க வரும் வௌவால்களால் மகரந்தம் சேர்ந்து, மூன்று நான்கு மாதங்களில் பழமாகிறது என்பதை எங்கோ கேள்விப்பட்டதிலிருந்து, மார்ச்சு மாதம் பிறந்தாலே அவர் வௌவால்களின் நலத்தை விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார். பெற்ற மகன்களின் நலத்தை அவர் அவ்வளவு ஒழுங்காக விசாரிப்பதில்லை என்று பெரியம்மா குறைப்பட்டுக்கொள்வதுண்டு.

இந்த மனிதரை விளங்கிக்கொள்வதற்குத் தோட்டம் என்ற சொல்லின் இரட்டைப் பொருளை அறிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டு வாசகருக்குத் தோட்டம் என்றால் பூவும் காயும். மலேசியத் தமிழருக்கோ, அடைமொழி எதுவும் சேர்க்காமல் தோட்டம் என்று சொன்னால் அது ரப்பர்த் தோட்டம். கோலகங்சாரில் 1877-இல் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளுள் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. அதன் உறவுமரங்கள் மாநிலம் முழுதும் பரவியபோது, அவற்றைச் சீவ வந்தவர்களின் பேரப்பிள்ளை பெரியப்பா. லயத்தில், அதாவது ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளில், பிறந்தவர். தோட்டம் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது, கமுந்திங் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்தைவிட்டு வெளியேற இரண்டு தலைமுறை பாடுபட்ட குடும்பம், இப்போது காசு கொடுத்து ஒரு தோட்டத்துக்குள் நுழையப் புறப்படுகிறது என்பதில் உள்ள வேடிக்கை அவர் கண்ணில் படுவதில்லை. அல்லது பட்டும் அதை அவர் வெளியே சொல்வதில்லை.

புறப்பாடு பெரட்டோடு தொடங்குகிறது. பெரட்டு என்பது ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, ஆளெண்ணி, அன்றைய வேலையைப் பங்கிடும் சடங்கு. அதை நடத்திய கங்காணிகளையும் கிராணிகளையும், அதாவது கணக்கர்களையும், சிறுவனாக வேலியோரம் நின்று பார்த்தவர், ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பதவியைத் தமக்குத் தாமே வழங்கிக்கொள்கிறார். முந்தின இரவே குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில், 'காலையிலே அஞ்சு மணி, வாசல்லே இருக்கணும்' என்ற ஆணை வந்துவிடும். காலை ஐந்து மணிக்கு வாசலில் இருப்பவர் பெரியப்பா ஒருவரே. ஐந்தரைக்குப் பெரியம்மா தேநீர்க் குடுவையோடு வருகிறார். ஆறரைக்குப் பேரப்பிள்ளைகள் தூக்கத்தோடு தூக்கி வரப்படுகின்றனர். ஏழு மணிக்குக் கோலாலம்பூரிலிருந்து வந்த மாப்பிள்ளை, வெள்ளைக் காலணியோடு இறங்கி வந்து, காலைப் பசியாறல் எங்கே என்று கேட்கிறார். பெரியப்பா பதில் சொல்லாமல், ஒவ்வொரு வண்டியிலும் தலைகளை எண்ணி, எண்ணிக்கை சரியாக இருந்தும் மறுபடி எண்ணுகிறார்.

பயணத்தின் இலக்கு பெரும்பாலும் பத்து குராவ் பக்கத்துக் கம்பத்துத் தோட்டம். கம்பம் என்பது மலாய்க் கிராமத்தைக் குறிக்கும் சொல். சில ஆண்டுகளில் புக்கிட் கந்தாங் வழியாகச் செல்லும் பழைய சாலையின் ஓரக்கடைகளும் இலக்கில் சேரும். ஆண்டுக்கு ஏறத்தாழ 4000 மில்லிமீட்டர் மழை பெய்யும் தைப்பிங் வட்டாரத்தில், எந்த மணிக்கு மழை வரும் என்று பந்தயம் கட்டுவது பழைய பொழுதுபோக்கு. பெரியப்பா பந்தயம் கட்டுவதில்லை, அறிவிக்கிறார்: 'இன்னைக்கு மழை இல்லே.' லாருட் மலையின் தலையில் மேகம் தொப்பி போட்டுக்கொண்டிருப்பதைப் பின்னிருக்கைப் பேத்தி சுட்டிக்காட்டினால், அது பனி என்று திருத்துகிறார். பனி என்று திருத்தப்பட்ட அந்தப் பொருள் தோட்டத்தை அடையுமுன்பே கண்ணாடியில் அறையத் தொடங்கும்போது, மழைக்குப் பின் விழும் பழத்துக்கு இனிப்பு குறைவு என்ற புதிய செய்தியை வெளியிட்டு, அன்றைக்கு நேரப்போகும் எல்லாப் பிழைகளையும் முன்கூட்டியே வானத்தின் கணக்கில் எழுதிவிடுகிறார்.

தோட்டத்தை அடைந்ததும் அவருடைய புலமை பல துறைகளாக விரிகிறது. அவற்றுள் முதன்மையானது பெயரியல். மலேசிய வேளாண்மைத் துறை டுரியான் வகைகளை டி என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இட்டுப் பதிவு செய்கிறது. 1937-இல் பதிவான டி24, கமுந்திங்குக்கு வடமேற்கே உள்ள புக்கிட் மேரா நீர்த்தேக்கப் பகுதியிலிருந்து வந்தது என்று கூறப்படுவதால், அந்த வகையைப் பெரியப்பா தம் பங்காளியைப்போலப் பாதுகாக்கிறார். 1993-இல் டி197 என்று பதிவான முசாங் கிங்கைக் கிளந்தான்காரன் என்றும், 2015-இல் டி200 ஆன கருமுள்ளை, அதாவது டுரி ஹித்தாமை, நேற்றுப் பிறந்த பையன் என்றும் குறிப்பிடுவார். இந்த அறிவையெல்லாம் தோட்டக்காரரான மலாய்ப் பெரியவரிடமே அவர் மலாயில் விளக்கும்போது, அந்தப் பெரியவர் தலையை மட்டும் ஆட்டுவார். நாற்பது ஆண்டுகளாகப் பழம் விற்றவர்க்கு, வாங்க வந்தவர் பேசி முடித்த பிறகே விலை சொல்ல வேண்டும் என்பது தெரியும். 2017-இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் முசாங் கிங்கின் மரபணுத் தொகுதியை வாசித்து, அதில் ஏறத்தாழ 46,000 மரபணுக்கள் இருப்பதையும், மணத்துக்குக் காரணமான கந்தகச் சேர்மங்களை ஆக்கும் மரபணுக்கள் அதில் பெருகியிருப்பதையும் வெளியிட்டனர். கைப்பேசியில் இதைப் படித்துக் காட்டிய பேரனிடம், அவ்வளவு செலவு செய்ததற்குத் தம் மூக்கைக் கேட்டிருக்கலாமே என்று பெரியப்பா வருந்தினார் என்றால், அது நகைச்சுவைக்காகச் சொன்னதாகக் கொள்ளக் கூடாது. அவர் மெய்யாகவே வருந்தினார்.

மூக்கின் ஆட்சி, பழம் தேர்ந்தெடுக்கும் சடங்கில் முழுமையாக வெளிப்படுகிறது. இச்சடங்கு நான்கு படிகளைக் கொண்டது. முதலில் காம்பைப் பார்த்து அது பச்சையா, வாடியதா என்று தெரிதல். அடுத்து, அடுத்தடுத்த இரண்டு முட்களை விரலால் சேர்த்து நெருக்கி, வளைகின்றனவா என்று அறிதல். மூன்றாவது, அடிப்புறத்தை மூக்கருகே கொண்டு சென்று கண்ணை மூடி மோத்தல். நான்காவதும் முடிவானதும், பழத்தைக் காதருகே தூக்கி மெல்ல ஆட்டிக் கேட்டல். பழுத்த பழத்தில் சுளை ஓட்டைவிட்டு விலகியிருப்பதால், உள்ளே இலேசான அசைவு தெரியும் என்பது இதன் அடிப்படை. இந்த நான்காம் படியின்போது குடும்பம் முழுதும் அமைதி காக்கிறது. அவர் நெற்றி சுருங்குகிறது, பார்வை தொலைவில் நிலைக்கிறது, பிறகு ஒரு தலையசைப்பு. பழம் ஒன்று வலப்பக்கம் போகிறது, அல்லது இடப்பக்கம் ஒதுக்கப்படுகிறது. அந்த ஓட்டுக்குள் என்னதான் கேட்கிறது என்று பேத்தி ஒருமுறை கேட்டதற்கு, 'பேசாமே இரு, கேக்குது' என்பதே பதிலாகக் கிடைத்தது. அவர் ஒதுக்கிய பழத்தைத் தோட்டக்காரர் அடுத்த குடும்பத்துக்கு வெட்டிக் கொடுக்க, அது தேனாக இருந்ததும், அவர் தேர்ந்த ஏழில் இரண்டில் புழு இருந்ததும் அந்த நாளின் நிகழ்ச்சிக் குறிப்பில் ஏறுவதில்லை.

பழத்தைப் பிளப்பதும் அவர் உரிமையே. அடிப்பகுதியில் ஐந்து அறைகளின் தையல் வரிகள் சந்திக்கும் இடத்தில் கத்திமுனையை நுழைத்துத் திருக வேண்டும் என்பதை அறிந்தவர் பலர். வாயால் சொல்லிக்கொண்டே செய்யத் தெரிந்தவர் அவர் ஒருவர். முதல் சுளை கோயில் வழக்கப்படி மூத்தவர்க்குப் போகும் என்று எதிர்பார்ப்போர் ஏமாறுவர். அது மாப்பிள்ளைக்குப் போகிறது, ஏனெனில் அவர் டுரியான் தின்னமாட்டார். மூக்கைப் பிடித்தபடி மாப்பிள்ளை நிற்பதைப் பார்ப்பதில் பெரியப்பா காணும் இன்பம் எந்த டி எண்ணிலும் அடங்காதது. சிங்கப்பூர் ரயில்களும் பல தங்கும் விடுதிகளும் டுரியானுக்குத் தடை விதித்திருப்பதை மாப்பிள்ளை தமக்குச் சாதகமான சான்றாக எடுத்துக் காட்டுகிறார். ஆங்கில இயற்கையியலார் ஆல்பிரட் ரசல் வாலஸ், 1869-இல் வெளியான தம் மலாய்த் தீவுக்கூட்ட நூலில் இப்பழத்தை வியந்து எழுதியது மாப்பிள்ளைக்கும் தெரியாது, பெரியப்பாவுக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் வாலஸும் கமுந்திங்கில் ஒரு பெரியப்பாவாகியிருப்பார்.

தின்றபின் வருவது சூட்டுக் கோட்பாடு. டுரியான் உடம்புக்குச் சூடு, மங்குஸ்தான் குளிர்ச்சி. ஆகவே எத்தனை சுளைக்கு எத்தனை மங்குஸ்தான் என்று அவரிடம் ஒரு வாய்பாடு உண்டு. காலியான ஓட்டில் தண்ணீர் ஊற்றி, அதிலேயே கைகழுவினால் வாடை போகும், அதிலேயே உப்பிட்டுக் குடித்தால் சூடு போகும் என்பது கோட்பாட்டின் துணைவிதி. டுரியானையும் மதுவையும் சேர்க்கக் கூடாது என்ற மூன்றாம் விதிக்கு மட்டும் ஆய்வுக்கூடத்தின் ஆதரவும் உண்டு: மதுவைச் செரிக்க உடலுக்கு உதவும் நொதி ஒன்றை டுரியான் சாறு தடுப்பதாக, ஜப்பானின் சுக்குபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் கண்டனர். இந்த விதியைப் பெரியப்பா தம் தம்பியை நோக்கியே ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்பதால், அறிவியல் இங்கே குடும்ப அரசியலுக்குப் பயன்படுகிறது.

எடை போட்டு விலை பேசும் நேரம் வரும்போதுதான், இதுவரை மறைந்திருந்த வேறொரு மனிதர் வெளிப்படுகிறார். சிறுவயதில் தோட்டத்து எல்லையோரம் விழுந்த பழங்களை விடியலில் ஓடிப் பொறுக்கியவர்க்கு, கிலோ கணக்கில் வெள்ளி கொடுத்து, அதாவது ரிங்கிட் கொடுத்து, டுரியான் வாங்குவது இன்னும் பழகவில்லை. பேரம் பேசுகிறார், பல்லாண்டுப் பழக்கத்தை நினைவூட்டுகிறார், டி24-இன் பெருமையை மீண்டும் எடுத்துரைக்கிறார். இறுதியில் தோட்டக்காரர் விலையைக் குறைக்காமல், பெயரும் எண்ணும் இல்லாத, விதையிலிருந்து தானாக முளைத்த மரத்துக் கம்பத்து டுரியான் இரண்டைச் சும்மா எடுத்து வைக்கிறார். முசாங் கிங்கைப் பிள்ளைகளிடம் தள்ளிவிட்டு, கொட்டை பெருத்து, சுளை மெலிந்து, இலேசாகக் கசக்கும் அந்த இலவசப் பழத்தைப் பெரியப்பா வேனின் பின்படியில் தனியாக உட்கார்ந்து தின்கிறார். அந்தச் சிறிது நேரத்தில் மட்டும் அவர் யாருக்கும் எதையும் விளக்குவதில்லை.

இந்த இனம் அருகிவருகிறது என்று கவலைப்படுவோர் உண்டு. சுளைகளை எடுத்துப் பெட்டியில் அடுக்கி வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தரும் காலத்தில், ஐந்து மணிப் பெரட்டும் நான்கு படிச் சடங்கும் எதற்கு என்ற கேள்வியை இளையோர் எழுப்புகின்றனர். அவர்களுள் முதன்மையானவர் மேற்குறித்த மாப்பிள்ளை. ஆனால் முட்டுவலி காரணமாகப் பெரியப்பா வீட்டிலேயே தங்க நேர்ந்த ஒரு பருவத்தில், புக்கிட் கந்தாங் சாலையோரக் கடையில் மழைக்கு ஒதுங்கிய குடும்பம் ஒரு காட்சியைக் கண்டது. வெள்ளைக் காலணி சேற்றில் புதைய, மூக்கைப் பிடிக்க வேண்டிய கையால் மாப்பிள்ளை ஒரு டுரியானைக் காம்போடு தூக்கிக் காதருகே வைத்து, நெற்றியைச் சுருக்கி, தொலைவில் எங்கோ பார்த்து, மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார். என்னப்பா கேட்கிறது என்று மகள் கேட்டாள். அவருக்கு மழைச்சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்டிருக்க முடியாது.

'பேசாமே இரு, கேக்குது' என்றார்.