ஆர் 2317 அண்ணன்

காஜாங்கில் கடைவீட்டு மாடியில் நடக்கும் எந்த மென்பொருள் அலுவலகத்துக்கு ஏறிப்போனாலும் இப்படி ஓர் அண்ணன் இருப்பார். காதோரம் நரைத்திருக்கும். நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்துவைக்கும் சப்வெர்ஷன் சர்வரின் கடவுச்சொல் அவருக்கு மட்டுமே தெரியும். அதே வேலைக்கான புதிய கருவியைக் காட்டி, "கிட்டுக்கு மாறிடலாம்ணே" என்று யாராவது சொன்னால் சாத்தே குச்சி பாதி வழியில் நிற்கும்.

"கிட்டாம் கிட்டு! இருக்கிறது என்ன கெட்டா போச்சு?"

2017 ஜூலையில் எம்.ஆர்.டி. ரயில் காஜாங் வரைக்கும் வந்தபோதும் எங்கள் அண்ணன் இதையேதான் கேட்டார். கொம்யூட்டர் ரயில் இருக்கும்போது இது எதற்காம்? இன்றோ, காஜாங்கிலிருந்து காலியாகக் கிளம்பும் வண்டியில் ஓர இருக்கை பிடிக்க அவரை மிஞ்ச ஆளில்லை.

வேடிக்கை என்னவென்றால், 2004 பிப்ரவரியில் சப்வெர்ஷன் 1.0 வந்ததும், அதற்கு முந்தைய சி.வி.எஸ்ஸைக் கட்டிக்கொண்டு அழுத பெரியவரோடு மல்லுக்கட்டி அலுவலகத்தையே மாற்றியவர் இவர்தான். ஆற அமர உட்காரவில்லை; 2005 ஏப்ரலில், லினக்ஸ்காரர்களுக்கு இலவசமாகக் கிடைத்த பிட்கீப்பர் என்ற அதே வகைக் கருவி கைவிட்டுப்போக, லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதிவிட்டார். அதை அண்ணன் சொந்தப் பகையாகவே வைத்திருக்கிறார்.

தம்பிகள் சாத்தே கடையிலேயே விளக்கிப் பார்த்தார்கள். "சப்வெர்ஷன்ல மேசை நடுவுல ஒரே சட்டி கடலைக் குழம்புண்ணே. கவுந்தா எல்லாருக்கும் வெறும் குச்சிதான். கிட்ல ஆளுக்கொரு சட்டி, முழுக் குழம்போட."

"அத்தனை சட்டியையும் யாருப்பா கழுவுறது?"

ஆனால் அவர் வருத்தம் சட்டியைப் பற்றியதல்ல. சப்வெர்ஷன் ஒவ்வொரு மாற்றத்துக்கும் வரிசையாக எண் போடும். ஆர் 2317 என்றால் மூத்த மகள் பிறந்த இரவு, மருத்துவமனை வராந்தாவிலிருந்து ஏற்றியது. ஆர் 3050 தீபாவளிக்கு முந்தின நாள், சம்பளக் கணக்கில் புள்ளி இடம் மாறி முதலாளிக்கு வேர்த்தது. கிட்டிலோ எழுத்தும் இலக்கமும் கலந்து 40 இடத்துக்கு ஒரு வால். "இதைப் பாத்தா எனக்கு என்னப்பா ஞாபகம் வரும்?"

முதலாளி முடிவெடுத்துவிட்டார். வெள்ளி இரவு மாற்றம் தொடங்கியது. பழைய பயனர் பெயர்களுக்கெல்லாம் ஆள் யாரென்று ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும். பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் வேலை அப்படியே நின்றுவிடும். நின்றது. 'பாய்3' யார்?

"பந்திங் பையன். மூணு மாசம்தான் இருந்தான். நல்லா தே கலக்குவான்."

அன்று இரவு பதினோரு மணிவரை அவர் சொல்லச் சொல்லத் தம்பிகள் தட்டினார்கள். எதிர்க்கட்சித் தலைவரே தேர்தலை நடத்திக் கொடுத்த மாதிரி இருந்தது. இடையில் ஒரே ஒரு தகராறு.

"என் 'பழசு' ஃபோல்டர் எங்க?"

"காலி ஃபோல்டரை கிட் எடுத்துக்காதுண்ணே."

"காலின்னு உனக்கு யாரு சொன்னது?"

திங்கட்கிழமை, பசியாறிவிட்டு வந்தவர் புதிய கிடங்கில் முதலில் தேடியது 2317. கிடைத்தது! பழைய எண்ணை ஒவ்வொரு மாற்றத்தின் குறிப்புக்கும் அடியில் விட்டுவைக்கவும் வழியுண்டு. கடைக்குட்டித் தம்பி சத்தமில்லாமல் அப்படியே விட்டிருந்தான். அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியைத் திருப்பினார்.

"சரிப்பா, எனக்கும் ஒரு சட்டி குடு."