மறுபடியும் முதல் தளத்திலிருந்து

சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு போன் விளையாட்டின் பெயரைச் சொல்லிவிட்டேன். அரசியலும் சினிமாவும் ஒதுங்கிக்கொள்ள, இந்த வாரம் தபால் பை முழுக்க அதுவேதான். சரி, இறங்குவோம்.

அக்கறையுள்ள வாசகி, திருச்சி
'ஷேட்டர்ட் பிக்சல் டஞ்சன்' விளையாட்டில் நூறு முறைக்கு மேல் செத்ததாக எழுதியிருந்தீர்களே, உடம்பு எப்படி இருக்கிறது?

உடம்புக்கு ஒன்றுமில்லை. கட்டை விரல்தான் வலிக்கிறது. விளையாடாதவர்களுக்காக: இது ஒரு பாதாளம். சாக்கடையில் தொடங்கி, சிறை, குகை, குள்ளர்களின் நகரம் வழியாகப் பேய்களின் கூடங்கள் வரை 25 தளங்கள். ஐந்து தளத்துக்கு ஒரு தாதா. அவர்களையெல்லாம் தாண்டினால் 26-ஆம் தளத்தில் ஒரு தாயத்து. இறங்கி எடுக்க வேண்டும். கதை இவ்வளவுதான். இதைவிடக் குறைவான கதைக்கு நாம் தியேட்டரில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம். படங்களெல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். எலி எது, நண்டு எது என்று புரிய இரண்டு நாள் ஆகும். அதற்குள் இரண்டுமே உங்களைக் கொன்றிருக்கும்.

சேவ் செய்தே பழகியவன், கோவை
செத்தால், செத்த இடத்திலிருந்து தொடரலாமா?

'ஆங்க்' என்று ஒரு பொருள் கையிலிருந்தால் ஒரு தடவை பிழைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் வாளும் போச்சு, கவசமும் போச்சு. முதல் தளம், முதல் எலி. ஒரே ஒரு ஆறுதல்: முந்தைய பிறவியில் செத்த இடத்தில் சில சமயம் உங்கள் எலும்புக்கூடு கிடக்கும், கூடவே ஒரு பொருளும் இருக்கும். தன் அஸ்தியைத் தானே கிளறும் பாக்கியம் வேறு எங்கே கிடைக்கும்?

ஒரு தடவை போதும் என்பவர், கும்பகோணம்
ஒரே பாதாளத்தில் நூறு தடவை இறங்க அலுப்பாக இல்லையா?

ஒரே பாதாளம் இல்லை என்பதுதான் விஷயம். ஒவ்வொரு ஆட்டத்திலும் அறைகள், கதவுகள், பொறிகள், புதையல் எல்லாவற்றையும் விளையாட்டே புதிதாக அடுக்கிக்கொள்கிறது. ஆனால் என்னைக் கட்டிப்போட்டது வரைபடம் அல்ல, மருந்துக் குப்பிகள்.

மொத்தம் 12 வகை மருந்து, 12 நிறம். எந்த நிறத்தில் எந்த மருந்து என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். நேற்று நீலம் குடித்தேன், காயம் ஆறியது. இன்று அதே நீலம் குடித்தேன், பற்றி எரிந்தேன். 12 மருந்தை 12 நிறத்தில் 47 கோடியே 90 லட்சத்துச் சொச்சம் விதமாக மாற்றி வைக்கலாம். மந்திர ஓலைகளிலும் 12 வகை, 12 எழுத்து, அதே கணக்கு. எனவே மனப்பாடம் செய்து தப்பிக்க வழியே இல்லை. நம்மில் பலர் பள்ளியில் கற்ற ஒரே வித்தை அதுதான் என்பதால் முதல் மாதம் சிரமம்.

வீரன் செத்தால் எல்லாம் போகும் என்றேனே, ஒன்று போகாது. நண்டு ஓடிவந்தால் கதவருகே ஒளிய வேண்டும், புல் மேல் நின்று தெரியாத மருந்தைக் குடிக்கக் கூடாது, முதல் கடையில் காசை எல்லாம் கொட்டக் கூடாது. இதெல்லாம் அடுத்த வீரனுக்குத் தெரிந்திருக்கும். காரணம், அவை இருப்பது போனில் அல்ல, உங்களிடம். நூறாவது தடவை இறங்குபவரும் முதல் தடவை இறங்கியவரும் ஒரே ஆள் இல்லை. விளையாட்டு பாதி மாறுகிறது, மீதியை நாம் மாறித்தான் சரிக்கட்ட வேண்டியிருக்கிறது.

தாயம் விழாதவர், மதுரை
எல்லாமே குலுக்கல் என்றால் ஜெயிப்பது அதிர்ஷ்டம்தானே? இதில் என்ன திறமை?

முதல் முப்பது சாவுக்கு நானும் இதே சாக்கைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, குலுக்கலுக்குள்ளே ஒரு ரேஷன் கடை நடக்கிறது என்று. ஆயுதத்தையோ கவசத்தையோ பலப்படுத்தும் ஓலை ஐந்து தளத்துக்கு 3, உடல் பலம் கூட்டும் மருந்து 2. இது கட்டாயம் உண்டு. எந்த அறையில், எந்த மூலையில் என்பதுதான் குலுக்கல். சோறும் அப்படித்தான்: நீங்கள் இறங்க இறங்க அளந்து போடும். ஒரே தளத்தில் உட்கார்ந்து சோம்பினால் பசி கொன்றுவிடும்.

ஆக, ஏழைக்கும் பணக்காரனுக்கும் கையில் வருவது அதே 15 ஓலை. ஒரே கவசத்தில் அத்தனையையும் கொட்டுவதா, வாளுக்கும் மோதிரத்துக்கும் பிரித்துக் கொடுப்பதா? நான் பிள்ளைகளுக்குச் சொத்துப் பிரிப்பதுபோல் எல்லாவற்றுக்கும் சமமாகக் கொடுத்த ஆட்டங்களில் ஒன்றுகூட 15-ஆம் தளத்தைத் தாண்டியதில்லை. தேர்ந்தவர்கள் தொடர்ந்து ஜெயிக்கிறார்கள். அதிர்ஷ்டம் யாரிடமும் அவ்வளவு நாள் தங்காது.

தூக்கம் கெட்ட தாய், தாம்பரம்
பையன் ராத்திரி ஒரு மணி வரை இதிலேயே இருக்கிறான். சாப்பிடக் கூப்பிட்டால் 'இப்ப நிறுத்த முடியாதும்மா, செத்துடுவேன்' என்கிறான். நிஜமா?

பச்சைப் பொய். நாம் ஒரு அடி வைத்தால்தான் எலி ஒரு அடி வைக்கும். நீங்கள் போனை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, இட்லி ஊற்றி, சட்னி அரைத்து, அவன் சாப்பிட்டு முடித்து வரும் வரை எலி ஓங்கிய பல்லோடு அப்படியே காத்திருக்கும். இதை உங்களிடம் சொன்னது நான் என்று அவனிடம் சொல்ல வேண்டாம்.

கணக்குப் பிள்ளை, சிவகாசி
எவ்வளவு பிடுங்குவார்கள்?

ஆண்ட்ராய்டில் இலவசம். விளம்பரம் இல்லை. 'வைரம் வாங்கு, வாள் தருகிறேன்' என்ற நச்சரிப்பும் இல்லை. விருப்பப்பட்டால் நன்கொடை தரலாம். கம்ப்யூட்டரிலும் ஐபோனிலும் மட்டும் விலை உண்டு.

படைப்பாளி யார் என்று கேட்கும் பழக்கமுள்ளவர், புதுச்சேரி
இதைச் செய்தது எந்தக் கம்பெனி?

கம்பெனியா! 2012-இல் ஒலெக் டோல்யா என்ற தனி மனிதர், 'வாட்டாபூ' என்ற புனைபெயரில், 'பிக்சல் டஞ்சன்' என்று ஒன்றை வெளியிட்டார். பிறகு அதன் நிரலையே யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று திறந்து வைத்துவிட்டார். கனடாவில் எவன் டெபன்ஹாம் என்ற இன்னொரு தனி மனிதர் 2014-இல் அதை எடுத்துச் சின்னச் சின்னக் கோளாறுகளைச் சரிசெய்யத் தொடங்கினார். இன்னமும் முடித்தபாடில்லை. நான்கு வீரர்கள் ஆறானார்கள், ஒவ்வொருவருக்கும் பாதியில் இரண்டு கிளைப் பாதை. பழைய வீடு வாங்கி, ஒழுகும் ஓட்டை மட்டும் மாற்றப் போய் மாடி எடுத்தவர்களை எனக்குத் தெரியும். இது அந்த வகை. வாட்டாபூ சும்மா இருக்கவில்லை: பட்டனைத் தட்டினால் ஒரு மத்தியகால ஊரின் வரைபடத்தை வரைந்து கொடுக்கும் கருவி ஒன்றைச் செய்தார். தட்டத் தட்டப் புது ஊர். மனிதருக்குக் கை அரிப்பு ஒரே இடத்தில்தான்.

பூர்வீகம் தேடுபவர், தஞ்சாவூர்
இந்த வகைக்குப் பாட்டன் யார்?

'ரோக்'. 1980 வாக்கில் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவர்களான மைக்கேல் டாய், கிளென் விக்மன் இருவரும் எழுதியது. கென் ஆர்னால்ட் பிறகு சேர்ந்துகொண்டார். படம் என்று எதுவும் கிடையாது. நீங்கள் ஒரு '@' குறி. எதிரிகள் ஆங்கிலப் பெரிய எழுத்துகள்: 26 எழுத்து, 26 அரக்கர். 26-ஆம் தளத்தில் யெண்டோரின் தாயத்து. மேலே சொன்ன 26 எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்குமே.

பாதாளத்தை ஏன் குலுக்கிப் போட்டார்கள்? அன்றைய சாகச விளையாட்டுகளை ஒரு தடவை முடித்தால் தீர்ந்தது. அதைவிடப் பெரிய துக்கம் எழுதியவனுக்கு: எல்லாப் புதையலும் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத்தான் தெரியுமே, தன் விளையாட்டைத் தானே எப்படி ஆடுவது? எனவே புதையலை ஒளிக்கும் வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தார்கள். சமைத்தவருக்கும் பசியோடு உட்கார ஓர் இலை வேண்டும் இல்லையா?

பிரமாண்ட ரசிகன், சேலம்
காசு இல்லாததால் குலுக்கல், குலுக்கலால் பெருமை. உண்மையைச் சொல்லுங்கள், இது ஏழையின் சமாளிப்புதானே?

ஆமாம். நூறு பாதாளம் வரைய ஆள் வைக்கக் காசில்லை என்றால், பாதாளம் வரையும் விதியை எழுதுவதுதான் வழி. ஆனால் சின்னக் கூட்டமெல்லாம் அந்த வழியில்தான் போயிற்று என்று நினைக்காதீர்கள். 2012-இல் பின்லாந்தில் நாலே பேர் சேர்ந்து 'லெஜண்ட் ஆஃப் கிரிம்ராக்' செய்தார்கள். 1987-இல் வந்த 'டஞ்சன் மாஸ்டர்' பாணி. ஒவ்வொரு கல்லையும், ஒவ்வொரு ரகசிய விசையையும் கையால் வைத்தார்கள். கட்டம் போட்ட தாளில் நீங்களே வரைபடம் போட்டுக்கொண்டு ஆடும் வசதிகூட வைத்தார்கள், பழைய ஆட்களின் திருப்திக்காக. என்ன அழகு! ஆனால் சுவரில் எந்தக் கல்லை அழுத்த வேண்டும் என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால் அடுத்த தடவை அது சுவர் இல்லை, கதவு. விடுகதைக்கு விடை தெரிந்தபின் மறுபடி கேட்க முடியுமா? அவர்களும் இதை உணர்ந்தோ என்னவோ, பாதாளம் கட்டும் கருவியை ரசிகர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். எனக்கு இரண்டும் பிடிக்கும். கிரிம்ராக்கை ஒரு தடவை முடித்தேன், மறக்கவில்லை. பிக்சல் டஞ்சனில் எந்த ஆட்டம் எது என்று ஒன்றுகூட நினைவில்லை, நிறுத்தவும் முடியவில்லை.

வியாபாரி, ஈரோடு
வாங்கியவனே திரும்ப வாங்கும் விளையாட்டு உண்டா?

சியாட்டிலில் ஜெஃப் வோகல் என்று ஒருவர், 'ஸ்பைடர்வெப் சாஃப்ட்வேர்' என்ற குட்டி நிறுவனம். 1995-இல் 'எக்ஸைல்' என்று ஒரு பாதாள விளையாட்டு விற்றார். 2000-இல் அதையே புதுப்பித்து 'அவெர்னம்' என்று விற்றார். 2011-இல் அதையும் புதுப்பித்து மறுபடி விற்றார். ரசிகர்கள் வாங்கினார்கள். இதில் குலுக்கல் எதுவும் இல்லை, எழுத்துதான் சரக்கு. நல்ல கதையைத் திரும்பப் படிக்க யாருக்கும் காரணம் தேவைப்படுவதில்லை.

மொழிப்பற்றாளர், நாகர்கோவில்
'ரீப்ளே வேல்யூ' என்பதற்கு நல்ல தமிழ்ச் சொல் தாருங்கள்.

'மறுஆட்ட மதிப்பு' என்றால் மொழிபெயர்ப்பு வாடை வீசுகிறது. கேரம் போர்டைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்: 'இன்னொரு ஆட்டம்'.

கை சும்மா இராதவன், திண்டுக்கல்
பிக்சல் டஞ்சனில் கடை இருக்கிறதாமே. கடைக்காரரை அடித்துப் பறித்தால்?

மூத்த விளையாட்டான 'நெட்ஹேக்'கில் (1987) கடைக்காரர் உங்களைக் கொன்றே போடுவார். இங்கே சாது. சரக்கோடு மறைந்துவிடுவார். நீங்கள் காலி அறையில் காசை வைத்துக்கொண்டு நிற்பீர்கள். எனக்கு இரண்டாவது தண்டனைதான் அதிகம் உறைத்தது.

போட்டி மனப்பான்மை உள்ளவர், ஓசூர்
ஆளுக்கு ஒரு பாதாளம் என்றால் யார் கெட்டிக்காரர் என்று எப்படித் தீர்மானிப்பது?

தினசரி ஆட்டம் என்று ஒன்று இருக்கிறது. அன்றைய தேதிக்கு உலகம் முழுக்க ஒரே பாதாளம், ஒரே வினாத்தாள். மதிப்பெண் ஒரு முயற்சிக்குத்தான். என் தம்பி மகனும் நானும் ஒரு மாதம் மோதினோம். தினமும் நான் அவனைவிட இரண்டு தளம் முன்னாலேயே செத்தேன்.

குறை காண்பவர், வேலூர்
புகழ்ந்தது போதும். குறையே இல்லையா?

இருக்கிறது. அறைகள் மாறினாலும் தாதாக்கள் வரிசை மாறாது. ஐந்தில் பிசின் பூதம், பத்தில் டெங்கு (காய்ச்சல் அல்ல, ஜப்பானியப் பேய்), பதினைந்தில் இயந்திரம், இருபதில் குள்ளர் ராஜா. நாற்பதாவது தடவை சாக்கடையில் இறங்கும்போது முதல் நான்கு தளம் பல் துலக்குவது மாதிரிதான். இன்னொன்று, ரேஷன் கணக்கு போன்ற முக்கியமான விதிகளை விளையாட்டு நேரில் சொல்வதில்லை. தெரிந்த யாரையாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்றுதான் இறக்கியவர், காரைக்குடி
எனக்கு ஒரே ஒரு யோசனை?

கதவு. எதிரி துரத்தினால் கதவுக்கு அந்தப்பக்கம், ஓரமாக, அவன் கண்ணில் படாமல் நில்லுங்கள். அவன் வாசலில் கால் வைத்ததும் அடியுங்கள். எதிர்பாராத அடி தவறாது. இரண்டாவது யோசனை இலவசம்: ஒரே எழுத்துப் போட்ட ஓலை ஆரம்பத்திலேயே இரண்டு மூன்று கிடைத்தால் அது பலப்படுத்தும் ஓலையாக இருக்க வாய்ப்பு அதிகம். தைரியமாகப் படியுங்கள்.

நேராகக் கேட்பவர், சென்னை
நீங்கள் ஒரு தடவையாவது ஜெயித்தீர்களா, இல்லையா?

ஒரே ஒரு தடவை. வேட்டைக்காரியாக இறங்கி, 25-ஆம் தளத்தில் கடைசித் தாதாவான யோக்-ட்செவாவை வீழ்த்தி, 26-இல் தாயத்தைக் கையில் எடுத்தேன். ஆட்டத்தை அங்கேயே முடித்துக்கொள்ளலாம், அல்லது தாயத்தோடு அத்தனை தளமும் திரும்ப ஏறலாம் என்றது. ஏறினேன். 19-இல் செத்தேன்.

அடுத்த இதழுக்கான கேள்விகள் வெள்ளிக்குள் வந்து சேரட்டும். சனி, ஞாயிறு எனக்கு வேலை இருக்கிறது.